1964 லிங்கன் கான்டினென்டலை வாங்கியிருக்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

படங்களைப் பார்த்தேன். நல்ல வண்டி. குரோம் பட்டைகளும் கண்ணாடிகளும் முழுசாக இருப்பதே பெரிய விஷயம். எஞ்சின் சாமானை எப்படியும் தேடிப் பிடித்துவிடலாம். நெளியாத பட்டை கிடைப்பதுதான் கஷ்டம்.

எஞ்சின் ஓடாததால் அதில்தான் முதலில் கை வைக்கப்போவதாக எழுதியிருக்கிறாய். வேண்டாம். முதலில் அடிப்பகுதி, அடுத்து பிரேக், அப்புறம் எஞ்சின், கடைசியில் பெயின்ட். வரிசை மாறினால் ஒரே வேலையை இரண்டு தடவை செய்ய வேண்டிவரும்.

இந்த லிங்கனுக்குத் தனிச் சேஸி (எடையைத் தாங்கும் அடிச்சட்டம்) கிடையாது. கிட்டத்தட்ட 2,300 கிலோ எடையையும் ஐந்தரை மீட்டர் நீளத்தையும் பாடியே தாங்குகிறது. கதவுக்குக் கீழே ஓடும் ராக்கர் பெட்டி துருப்பிடித்தால் அது அழகுப் பிரச்சினை இல்லை, முதுகெலும்புப் பிரச்சினை. உன் வண்டி ஓடிய அமெரிக்காவின் ஓஹையோவில் குளிர்காலத்தில் பனி உருக சாலையில் உப்புப் போடுவார்கள். ராக்கரின் வடிகால் துளைகளில் சேறு அடைத்து, உப்புத் தண்ணீர் உள்ளேயே நின்று தின்றிருக்கும். சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே போ. சத்தம் மந்தமாகும் இடத்தில் பட்டி பூசியிருக்கிறார்கள் என்று அர்த்தம். முன் கண்ணாடிக்குக் கீழே உள்ள காற்றுத் துவாரத்தில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிவிட்டு, கார்ப்பெட்டைத் தூக்கிப் பார். தளம் நனைந்திருந்தால் உள்தகடும் போயிருக்கிறது.

துருப்பிடித்த ராக்கரை வெட்டிப் புதுத் தகடு வைப்பதற்கு முன், கதவு வாசல்களுக்குக் குறுக்கே சதுரக் குழாய் வைத்துப் பிணைத்துவிடு. மூலைவிட்ட அளவுகளை எழுதி வைத்துக்கொள். வண்டியின் எடை சஸ்பென்ஷன் மேலேயே இருக்கட்டும். ஒரு பக்கத்தை முழுசாக முடித்த பிறகே மறுபக்கம். பின்கதவின் கீல் பின்பக்கம் இருப்பதால் இரண்டு கதவும் நடுத்தூணில் வந்து சேர்கின்றன. பாடி கொஞ்சம் தொய்ந்தாலும் அந்த இடைவெளி மேலே ஒரு அளவாகவும் கீழே ஒரு அளவாகவும் காட்டிவிடும். கீலை நெம்பி அதைச் சரிசெய்யப் பார்க்காதே.

இனி பிரேக். உன் மாடலில் நான்கு சக்கரத்துக்கும் டிரம்தான். முன்சக்கர டிஸ்க் 1965இல் வந்தது, இரட்டை அறை மாஸ்டர் சிலிண்டர் (பெடல் மிதிப்பை ஆயில் அழுத்தமாக மாற்றும் உருளை) 1967இல். இப்போது உன் வண்டியில் ஒரு இடத்தில் கசிந்தால் நான்கு சக்கரத்திலும் பிரேக் போய்விடும். இந்த வண்டியில் கட்டாயம் செய்ய வேண்டிய மாற்றம் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்: முன்னே டிஸ்க், கூடவே இரட்டை அறை மாஸ்டர் சிலிண்டர், பின்பக்கத்துக்கு அழுத்தம் குறைக்கும் வால்வு. கிட் வாங்கும் முன் உன் வீலுக்குள் காலிப்பர் (பேடை டிஸ்க் மேல் அழுத்தும் பிடி) இடிக்காமல் சுற்றுமா என்று அளந்துவிடு.

இங்கேதான் பலர் தவறுகிறார்கள். டிரம் லைனில் சுமார் 10 பிஎஸ்ஐ அழுத்தத்தைத் தேக்கிவைக்கும் சிறு வால்வு ஒன்று உண்டு. அது டிஸ்க் லைனில் இருந்துவிட்டால் பேட் விலகாது. சில கிலோமீட்டர் ஓடியதும் முன்சக்கரம் கை வைக்க முடியாத அளவு கொதிக்கும். ஆளோ காலிப்பர்தான் பழுது என்று நினைத்து அதை மாற்றிக்கொண்டிருப்பார்.

பழைய ரப்பர் ஹோஸ் அத்தனையும் தூக்கிப் போடு. வெளியே பளபளப்பாக இருக்கும். உள்ளே ரப்பர் ஊதித் துவாரம் அடைபட்டிருக்கும். பெடலை மிதிக்கும் வேகத்தில் ஆயில் போகும், காலை எடுத்தால் திரும்பாது. குழாய்க்கு 3/16 இன்ச் செம்பு-நிக்கல் போடு; கையால் வளைக்கலாம், துருவும் பிடிக்காது. முனையை இரட்டையாக மடித்தே விரிக்க வேண்டும். ஒற்றையாக விரித்தால் விரிசல் விடும். வெளியே எங்கும் கசிவில்லாமல் ஆயில் மட்டம் மட்டும் இறங்கினால், மாஸ்டர் சிலிண்டரின் பின்பக்க சீல் போய், பூஸ்டர் (மிதிப்புக்கு உதவும் வாக்குவப் பெட்டி) வழியாக எஞ்சின் அதைக் குடிக்கிறது என்று பொருள்.

430 கன இன்ச் வி8 நீ பயப்படுகிற அளவு மோசமில்லை. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் ஆயில் விட்டு, இரண்டு நாள் ஊறவிட்டு, கிராங்க் போல்ட்டில் நீளக் கைப்பிடி போட்டு மெல்லச் சுற்று. ஸ்டார்ட்டரைத் தொடாதே. ஓட ஆரம்பித்த பிறகு கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம்) அளந்து எடு; மிகக் குறைந்த சிலிண்டர், மிக அதிகமானதில் முக்கால் பங்காவது காட்ட வேண்டும். போரிங் (தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்குவது) தேவைப்பட்டால் பட்டறைக்காரரிடம் இதை முதலிலேயே சொல்லிவிடு: இதில் எரியறை மேல்மூடியான ஹெட்டில் இல்லை, சிலிண்டர்கள் உள்ள பிளாக்கில் இருக்கிறது. ஹெட் சப்பட்டை. பிளாக்கின் மேல்பரப்பு சிலிண்டருக்கு நேர்ச்செங்குத்தாக இல்லாமல் 10 டிகிரி சாய்ந்திருக்கும். அந்தப் பரப்பை ஆதாரமாக வைத்து மெஷினை நிறுத்தினால் சிலிண்டர் துளை கோணலாகிவிடும், பிளாக் வீண்.

புது எஞ்சின் மாட்டும் யோசனையைப் பற்றியும் கேட்டிருந்தாய். என் அபிப்பிராயம், வேண்டாம். இந்த வண்டியின் வைப்பர் மின்சார மோட்டாரில் ஓடுவதில்லை. பவர் ஸ்டியரிங் பம்பின் ஆயில் அழுத்தத்தில் ஓடுகிறது. கதவுப் பூட்டு எஞ்சின் வாக்குவத்தில் (எஞ்சின் காற்றை உறிஞ்சும் விசையில்) வேலை செய்கிறது. எஞ்சினை மாற்றினால் இவை எல்லாவற்றுக்கும் மாற்று வழி தேட வேண்டும். அந்த வைப்பர் ஹோஸ்களையும் இப்போதே புதுசாக்கிவிடு. வெடித்தால் வைப்பரோடு ஸ்டியரிங் உதவியும் போய்விடும்.

ஏர் சஸ்பென்ஷன் (ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப் பை) ஆசை இருந்தால் வைத்துக்கொள். ஆனால் வண்டியைத் தரையோடு உட்காரவைக்கப் பின்பக்க அடிப்பகுதியில் நீளவாக்கில் ஓடும் தாங்கு தகட்டை வளைவாக வெட்டும் வேலைக்கு நான் சம்மதிக்க மாட்டேன். தனிச் சேஸி இல்லாத வண்டியில் அது பாடியையே வெட்டுவது. பழைய ஸ்பிரிங்கையும் லீஃபையும் (தகட்டு ஸ்பிரிங்) கழற்றி எண்ணெய் தடவி எடுத்து வை. பின்னால் யாராவது திரும்பப் போட விரும்பலாம்.

முதல் ஓட்டத்தை காலியான மைதானத்தில் வைத்துக்கொள். பத்து நிமிடம் ஓட்டி நிறுத்தி, நான்கு சக்கரத்தின் சூட்டையும் கையால் ஒப்பிட்டுப் பார். 80 கிலோமீட்டர் போனதும் சக்கர நட்டுகளை மறுபடி டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்கு. இதெல்லாம் பிறகு; இப்போதைக்கு நடுத்தூண் இடைவெளியை மேலும் கீழும் அளந்து அடுத்த கடிதத்தில் எழுது. ராக்கரை வெட்டலாமா என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அண்ணன்