மாதா கோயிலுக்குப் போய் வந்தேன்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் நலம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று அம்மாவிடம் தினமும் கேட்கிறேன். "நல்லாத்தான் இருக்கா" என்பதற்கு மேல் அவள் எதுவும் சொல்வதில்லை. நீ கூப்பிட்டால் போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விடுகிறாள்.

போன செவ்வாய் மதியம் மாதா கோயிலுக்குப் போயிருந்தேன். திருநாள் கூட்டம் இல்லாமல் நம்ம தூத்துக்குடி தஸ்நேவிஸ் மாதாவை, பனிமய மாதாவைப் பார்த்து வெகு காலமாகிவிட்டது. ஒரு மீன்காரம்மா ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு, மெழுகுவர்த்தியின் அடியை நெருப்பில் காட்டி, சொட்டிய மெழுகில் அதை நிறுத்தினாள், சாய்ந்துவிட்டது, மறுபடியும் நிறுத்தினாள். நீயும் அப்படித்தான், நேராக நிற்கும்வரை நகர மாட்டாய்.

1555-இல் மணிலாவிலிருந்து சொரூபம் கப்பலேறி வந்த கதையைச் சொல்லும்போதெல்லாம், "அப்போ மாதா வெளியூர்க்காரியா அப்பா?" என்று கேட்பாய். "வந்து இறங்கிய பிறகு நம்ம ஊர்க்காரிதான்" என்பேன். இடி விழுந்த கதையை மறைக்கல்வி வகுப்பில் ஒரு பிழையின்றிச் சொல்லிப் பரிசு வாங்கியவள் நீ. அப்படிப்பட்டவள், பெற்றவனிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் பதிவு அலுவலகத்தில் போய்க் கையெழுத்துப் போட்டாயே என்பதுதான் இன்னும் ஆறவில்லை. அது போகட்டும். வேளைக்குச் சாப்பிடு, இரவில் கண் விழிக்காதே.

2023 ஆகஸ்ட் 5 அன்று, தங்கத் தேருக்கு நீங்கள் இருவரும் வந்திருந்தது எனக்குத் தெரியாது என்று அம்மாவிடம் இதுவரை சொல்லி வருகிறேன். அது பொய். வடம் பிடித்து வரும்போது நீ கையை உயர்த்தியதையும், அந்தத் தம்பி உன் செருப்பைத் தன் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றதையும் பார்த்தேன். பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு வடத்தை இழுத்தேன். அத்தனை ஜனமும் மாதாவை நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருக்க, நான் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டு தெருவைக் கடந்தேன். செவ்வாய்க்கிழமை இதைச் சொல்லத்தான் போனேன். மாதாவிடம் சொல்லவும் நா எழவில்லை.

ஜூலை 26 கொடியேற்றம். திருநாளுக்கு முத்துநகர் எக்ஸ்பிரஸில் இப்போதே டிக்கெட் போடாவிட்டால் கிடைக்காது. உன் வயது எனக்குத் தெரியும். மாப்பிள்ளையின் முழுப் பெயரையும் வயதையும் எழுதி அனுப்பு. கீழ்ப் படுக்கையாகவே கேட்கிறேன். உனக்கு இப்போது அதுதான் நல்லது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை.

அன்புடன்,
அப்பா