முத்துவை மேலே ஏற்ற வேண்டாம்

அன்புள்ள கயல்,

ஜூலையில் வரும்போது நம் நாய் முத்துவைக் கூட்டிக்கொண்டு இங்கே விஸ்கான்சினில் உள்ள டெவில்ஸ் லேக் ஏரிக்குப் போய், பழையபடி பாறைக்கு மேலே ஏற வேண்டும் என்று போனில் சொன்னாயே, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். ஏரிக்குத் தாராளமாகப் போகலாம். மேலே மட்டும் அவனை ஏற்ற வேண்டாம்மா.

ஞாயிற்றுக்கிழமை நானும் அம்மாவும் அவனை அங்கே கூட்டிப் போனோம். மேடிசனிலிருந்து ஒரு மணி நேரம்கூட ஆகாது. பின்சீட்டில் படுத்தே வந்தவன், பாரபூ ஊர் வந்ததும் எழுந்து கண்ணாடியில் மூக்கை வைத்துவிட்டான். வழி அவனுக்கு மறக்கவில்லை. ஆனால் காரிலிருந்து இறங்கும்போது பின்னங்கால் தயங்கியது. முன்பெல்லாம் கதவு திறக்குமுன் குதிப்பான், உனக்குத் தெரியும். இப்போது நான் வயிற்றுக்கடியில் கை கொடுத்து இறக்கினேன்.

பேலன்ஸ்டு ராக் என்ற பாறைப் பக்கம் ஏறும் படிகள் உனக்கு நினைவிருக்கும். ஏரி மட்டத்திலிருந்து ஐந்நூறு அடி உயரம், அதில் பாதி வழி செங்குத்தான கல். அந்தக் குவார்ட்சைட் பாறை வழுவழுவென்று இருக்கும், வெயிலில் சுடும். ஏறுவதைவிட இறங்குவதுதான் அவன் மூட்டுக்கு ஆகாது. நீ முன்னால் போனால் அவன் மாட்டேன் என்று நிற்க மாட்டான், வலித்தாலும் பின்னாலேயே வருவான். அதனால்தான் முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன்.

அதற்குப் பதில் மேற்குக் கரையில் டம்பிள்டு ராக்ஸ் பாதையில் நடங்கள். வடகரையிலிருந்து கிளம்பினால் இடப்பக்கம் தண்ணீர், வலப்பக்கம் மலையிலிருந்து சரிந்து குவிந்த பாறைகள், நடுவில் சமதளமான நடைபாதை. அந்த ஊதாநிறப் பாறையை அவசரப்படாமல் பார். நூற்றறுபது கோடி ஆண்டுக்கும் முந்தைய மணல் அது, இறுகிக் கல்லானது. சில பலகைகளில் அலை விட்டுப்போன வரி இன்னும் கையால் தடவிப் பார்க்கும்படி இருக்கிறது. ஏரி அதைவிட ரொம்ப இளையது. ஆறு ஓடிய பள்ளத்தாக்கின் இரண்டு வாயிலும் கடைசிப் பனியுகத்தின் பனிப்பாளம் மண்ணையும் கல்லையும் கொட்டி அடைத்துவிட்டது. நடுவில் தேங்கியதுதான் இந்தத் தண்ணீர். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது உன்னை மேலே கூட்டிப்போகும் வேகத்தில் இதையெல்லாம் நான் நின்று காட்டியதே இல்லை. முத்து ஒவ்வொரு கல்லையும் மோந்து பார்த்து நடப்பதால் இப்போது நமக்கும் நேரம் கிடைக்கிறது.

நாயைப் பிடிக்கும் கயிறு, அதாவது லீஷ், எட்டு அடிக்கு மேல் போகக்கூடாது, பார்க் விதி. மணற்கரையில் நாய்க்கு அனுமதி இல்லை. நாய்கள் நீந்துவதற்குத் தனி இடம் ஒதுக்கியிருக்கிறார்கள், அங்கே விடு. தண்ணீரில் அவன் காலுக்குப் பாரமே இல்லை, பழைய முத்துவைப் பார்ப்பாய். ஆனால் ஜூலையில் வெயில் ஏறினால் முதலில் தண்ணீரின் நிறத்தைப் பார். பச்சைப் பெயின்ட் ஊற்றினது போல் படலம் தெரிந்தால் ஒரு வாய்கூடக் குடிக்க விடாதே, முடியை நக்கவும் விடாதே. நீலப்பச்சைப் பாசியின் விஷம் நாயைச் சில மணி நேரத்திலேயே கொன்றுவிடும். வீட்டுத் தண்ணீரும் கிண்ணமும் எடுத்துப் போ.

உண்ணி இந்த ஊரில் அதிகம். மான் உண்ணி கடித்தால் லைம் நோய் வரும், அவனுக்கும் வரும், உனக்கும் வரும். அம்மா மாதா மாதம் மருந்து கொடுக்கிறாள். இருந்தாலும் வீட்டுக்கு வந்ததும் காது மடலுக்குப் பின்னால், அக்குளில், விரலிடுக்கில் விரல் விட்டுத் தடவிப் பார். ஒட்டியிருந்தால் இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழு, நசுக்காதே.

தென்கரைப் பக்கம் போனால் சிறகு விரித்த பறவை வடிவில் ஒரு மண்மேடு உண்டு. இந்த மண்ணின் பழங்குடி மக்கள் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் எழுப்பியது. இந்தப் பகுதிப் பழங்குடிகளான ஹோ-சங்க் மக்களுக்கு இந்த ஏரியே புனிதமானது. அங்கே லீஷைச் சுருக்கிப் பிடி, முத்துவுக்கு மண் என்றால் தோண்டத் தோன்றும்.

சனி, ஞாயிறில் கார் நிறுத்த இடம் கிடைக்காது. வாரநாளில், காலை எட்டு மணிக்கு முன்னால் போய்விடுவோம். வெயில் ஏறுமுன் அவனும் நடந்து முடித்துவிடுவான். உனக்கு மேலே ஏற ஆசை இருந்தால் நீ போய்விட்டு வா. நானும் அவனும் கீழே நிழலில் இருக்கிறோம். டிக்கெட் போட்டதும் தேதி சொல், அதற்கு முன் டாக்டரிடம் அவன் கால்மூட்டைக் காட்டிவிடுகிறேன்.

அன்புடன்,
அப்பா