தரங்கம்பாடி கோட்டையோடு முடிவதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெங்களூரிலிருந்து விடுமுறைக்குப் போய்வரத் தகுந்த கடற்கரை ஊர்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில் தரங்கம்பாடிக்கும் இடம் தந்திருந்தது மகிழ்ச்சி அளித்தது. ஆனால் டென்மார்க் நாட்டவரான டேனியர்கள் கட்டிய டேன்ஸ்போர்க் கோட்டையையும் கடற்காற்றையும் சொன்ன கையோடு கட்டுரை முடிந்துவிட்டது. தமிழ்ப் பத்திரிகை அந்த ஊரைப் பற்றி எழுதினால் அங்கே இயங்கிய பழைய தமிழ் அச்சுக்கூடத்தை விட்டுவிடலாகாது என்பது என் உறுதியான கருத்து.

தஞ்சை இரகுநாத நாயக்கரோடு 1620-இல் செய்துகொண்ட உடன்படிக்கையின் பேரில் குடியேறிய டேனியர்கள், 1845-இல் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். அவர்களது ஆட்சியில், 1706-இல் வந்திறங்கிய ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு, திண்ணைப் பள்ளிச் சிறுவர்களோடு அமர்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார். அவரது அச்சுக்கூடத்துக்காக ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்து அனுப்பிய தமிழ் அச்செழுத்துகள் பெரியவையாக இருந்து தாளை விழுங்கியதால், சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்துக்கொண்டார்கள்; 1715-இல் தமிழில் புதிய ஏற்பாடு அச்சேறியது. தாளுக்காகப் பக்கத்து ஊரான பொறையாற்றில் பட்டறையும் வைத்தார்கள்; அந்த இடத்துக்குக் கடுதாசிப்பட்டறை என்ற பெயரே நிலைத்துவிட்டது. தமிழ் அச்சு 1578-இலேயே கொல்லத்தில் கண்டதுதான் என்றாலும், எழுத்து வார்ப்பதும் தாள் செய்வதும் இந்தக் கடலோரத்தில் நடந்ததை எண்ணிப் பார்க்க எனக்கு இன்றும் மெய்சிலிர்க்கிறது.

சென்ற ஆண்டு என் பத்து வயது மகளை அங்கே அழைத்துப் போயிருந்தேன். பள்ளியில் அவள் படிப்பது கன்னடமும் ஆங்கிலமும். தமிழ் எழுத்துகளை அல்சூர் வீட்டில் என் மாமியார் அரிசித் தட்டில் எழுதவைத்துப் பழக்கினார். 1718-இல் எழுந்த புதிய எருசலேம் ஆலயத்தில் சீகன்பால்குவின் கல்லறையைப் பார்த்து, அவர் தமிழ் கற்ற விதத்தைக் கேட்டறிந்தவள், மாலையில் ஈர மணலில் தன் பெயரை எழுதினாள். அருகில் வலை பழுது பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் எழுந்து வந்து, "ழானாவுக்குச் சுழி கீழே இறங்கணும் கண்ணு" என்று விரலால் திருத்திக் காட்டினார். அலை வந்து அழிக்க அழிக்க, அவள் இருட்டும்வரை எழுதிக்கொண்டிருந்தாள்.

மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்து மாசிலாமணிநாதர் கோயிலும் அந்தக் கரையில்தான் இருக்கிறது. அதன் முன்பகுதியைக் கடல் கொண்டுவிட்டது. ஊரைச் சடங்கன்பாடி என்று குறிக்கும் அதன் கல்வெட்டு 1306-ஆம் ஆண்டைச் சேர்ந்தது; டேனியர் வருவதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஊர் இருந்ததற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்கு ஓடிய ரயில் 1986-இல் நின்றுபோனது. இங்கிருந்து இரவு ரயிலில் மயிலாடுதுறை வந்திறங்குபவர்கள் பேருந்தைத்தான் நம்ப வேண்டும். இந்த விவரங்களையும் சேர்த்து, அச்சுக்கூடத்துக்கென்றே ஒரு தனிக் கட்டுரையைத் தாங்கள் வெளியிட வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகி,
அல்சூர், பெங்களூரு