எங்கள் வீட்டுக்குத் தலைமை உண்டு

ஆசிரியர் ஐயாவுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் சினிமாவும் நம் இளைஞர்களும் பற்றி வந்த கட்டுரையை இரண்டு தரம் வாசித்தேன். முதல் தரம் தேத்தண்ணி குடித்துக்கொண்டு. இரண்டாம் தரம் வாசித்து முடிக்கும்போது தேத்தண்ணி ஆறிப்போய்க் கிடந்தது. அதில் ஒரு வசனம்: “ஆண் துணையற்ற வீடுகளில் வளரும் வன்னிப் பையன்கள், திரையில் தெரியும் நாயகனையே தகப்பனாக்கிக் கொள்கிறார்கள்.” எழுதியவர் எங்கே இருக்கிறார் என்று தெரியாது. எங்கே இருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

அந்த ஆண் துணையற்ற வீடுகளில் ஒன்று என்னுடையது. 2009 இல் மனிசனை இழந்து, மூத்தவனைக் கையில் பிடித்துக்கொண்டு, வயிற்றில் ஒன்றோடு செட்டிகுளம் முகாமுக்குள் போனவள் நான். இளையவள் அங்கேதான் பிறந்தாள். ஊர் திரும்பிக் கொஞ்சக் காலத்தில் முகமாலையில் மிதிவெடி அகற்றும் வேலைக்குப் போனேன். ஏழு வருஷம். மார்புக்குக் கவசம், முகத்துக்குக் கண்ணாடி மூடி, பளைப் பக்கத்து வெயில். நாள் முழுக்க முழங்காலில் நின்று மண்ணைச் சுரண்டி, இரண்டு மூன்று பாய் விரிக்கிற இடத்தைத் துப்புரவாக்கினால் அது நல்ல நாள். ஒன்று தட்டுப்பட்டால் குச்சி நட்டுவிட்டு வந்த வழியே பின்னுக்கு வர வேண்டும். பிறகு எங்களைத் தூரத்தில் குந்தியிருக்கச் சொல்லிவிட்டு அதை வெடிக்க வைப்பார்கள். சத்தம் கேட்கும்வரை ஒருவரும் கதைக்க மாட்டோம். அப்படிக் குந்தியிருந்த பெண்களில் பலர் உங்கள் கட்டுரைக்காரர் சொல்லும் வீடுகளைச் சேர்ந்தவர்கள்தான்.

ஒருநாள் பின்னேரம் வேலையால் வந்து கிணற்றடியில் முழங்காலில் ஒட்டின மண்ணைக் கழுவிக்கொண்டிருக்கிறேன். உள்ளே ரீவியில் ஒரு படம். நாயகர் கறுப்புக் கண்ணாடியோடு ஆறுதலாக நடந்து வருகிறார். பின்னால் வாகனங்கள் ஒவ்வொன்றாக வெடித்துப் பறக்கின்றன. அவர் திரும்பியே பார்க்கவில்லை. மூத்தவனுக்கு அப்போது பத்தோ பதினொன்றோ. “அம்மா, ஆம்பிளை எண்டால் இப்பிடி இருக்கோணும்” என்றான். “அவருக்குக் காது கேக்காது போல, தம்பி” என்றேன். இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை.

அதனால் நான் சினிமாவுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று நினைக்க வேண்டாம். அது பிள்ளைகளின் தலைமயிரில் தொடங்கிக் கதை, நடை வரைக்கும் புகுந்து விளையாடுவதைத் தினமும் பார்க்கிறவள் நான். ஆனால் பக்கத்து வீட்டில் தகப்பன் இருக்கிறார், குத்துக்கல்லு மாதிரி. அவருக்கும் மகனுக்கும் ஒரே தாடி, ஒரே நடிகரின் தாடி. அந்த வீட்டைப் பற்றி உங்கள் கட்டுரையில் என்ன இருக்கிறது?

என் அப்பா எம்.ஜி.ஆர். பைத்தியம். கண்டியில் 1917 இல் பிறந்த மனிசன், எங்கட நாட்டுக்காரன் என்று சொந்தம் கொண்டாடுவார். திரையில் அவர் குடிக்க மாட்டார், சிகரெட் பிடிக்க மாட்டார் என்பதால் அப்பாவும் ஒரு சுருட்டைத் தொட்டதில்லை. நல்லதுதான். ஆனால் வாய் காட்டுகிற பெண்ணை நாயகன் ஒரு பாட்டிலேயே அடக்கிவிடுவதையும் அதே படங்களில்தான் பார்த்தார். அம்மா தனியாகச் சந்தைக்குப் போனதில்லை. அப்பா இரண்டையும் ஒரே வாத்தியாரிடம் படித்தார். அந்தத் தலைமுறை வீடுகளில் ஆண் துணை இருந்ததா, இல்லையா ஐயா?

போன வருஷம் என் மகள் ரியூசன் விட்டு வரும் வழியில் ஒரு பெடியன் மோட்டார் சைக்கிளில் கூடவே வந்தான். ஒரு நாள், இரண்டு நாள் இல்லை, ஒரு மாதம். விருப்பமில்லை என்று அவள் முகத்துக்கு நேரே சொல்லியும் விடவில்லை. துரத்தத் துரத்தப் பெண் இரங்குவாள் என்று எத்தனை படத்தில் பார்த்திருப்பான்! அவன் வீட்டுக்குப் போனேன். தகப்பன், சித்தப்பா, தாய்மாமன் என்று ஆண் துணைக்குப் பஞ்சமே இல்லாத வீடு. தகப்பன் கதிரையை விட்டு எழும்பாமல், “வயசுப் பெடியன்தானே” என்றார். பிறகு, “உங்கட வீட்டில கதைக்க ஆம்பிளையள் ஒருத்தரும் இல்லையோ?” என்று கேட்டார். இதே கேள்வியை நுண்கடன் கிழமைக்காசு கேட்டு வந்த தம்பியும் ஒருமுறை படலையில் நின்று கேட்டார். நீங்கள் அதையே கொஞ்சம் நல்ல தமிழில் அச்சடித்திருக்கிறீர்கள்.

வீரத்தைப் பற்றி வன்னிக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. ஒரு காலத்தில் இந்த வீதிகளில் இயக்கத்துப் பெண்கள் பெரிய வாகனங்கள் ஓட்டினார்கள். எல்லோரும் பார்த்தோம். போர் முடிந்து வந்த பிறகு அவர்களில் எத்தனை பேருக்குக் கலியாணம் பேசப் போன இடத்தில் கதவு சாத்தப்பட்டது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. வற்றாப்பளையில் வைகாசிப் பொங்கலுக்கு ஊரே திரண்டு கண்ணகி அம்மனைக் கும்பிடுகிறது. கோவலனுக்குக் கூத்து மட்டும்தான்.

இன்னொன்றும் மனதில் கிடக்கிறது. 2017 இல் ரஜினிகாந்த் வவுனியாவுக்கு வந்து 150 வீடுகளைக் கையளிப்பதாக இருந்தது. தமிழ்நாட்டில் எதிர்ப்பு வர, பயணத்தைக் கைவிட்டார். வந்திருக்கலாமா, வராததுதான் சரியா என்று நீங்கள் பக்கம் பக்கமாக எழுதினீர்கள். அந்த வீடுகளில் எத்தனைக்குப் பெண் தலைவி என்று ஒரு வரி வந்ததா? நான் தேடினேன்.

சரி, என் வீட்டுக் கதையையும் மறைக்கவில்லை. மூத்தவன் பதினேழு வயதில் தாடி விட்டான், கோப்பை கழுவுவதையும் விட்டான். “பெடியள் பாத்தால் சிரிப்பாங்கள்” என்றான். “அப்ப கழுவாத கோப்பையிலேயே சாப்பிடு” என்றேன். இப்போது மேசன் வேலைக்குப் போகிறான். தாடி இன்னும் இருக்கிறது. கோப்பையும் கழுவுகிறான், குசினிக் கதவைச் சாத்திவிட்டு.

கடைசியாக உங்கள் பேப்பரைப் பற்றி. நாலாம் பக்கத்தில் பிள்ளைகள் சினிமாவால் கெட்டுப் போகிறார்கள் என்று அழுகிறீர்கள். பக்கத்தைப் புரட்டினால் நடுப்பக்கம் முழுக்க, வர்ணத்தில், கையில் அரிவாளோடு அதே நாயகர். கீழே “ஆண்மையின் அடையாளம்” என்று கொட்டை எழுத்தில் வேறு. என் மகன் அதைக் கிழித்துச் சுவரில் ஒட்டினால், அது ஆண் துணை இல்லாத குறையாம்.

இரண்டே இரண்டு வேண்டுகோள். எங்கள் வீடுகளைப் பற்றி இனி எழுதும்போது ‘பெண் தலைமைத்துவக் குடும்பம்’ என்று எழுதுங்கள். கிராம அலுவலர் படிவத்தில் அப்படித்தான் இருக்கிறது. அவருக்குத் தெரிந்தது உங்களுக்கும் தெரியும் என்று நம்புகிறேன். மற்றது, அந்த நடுப்பக்கத்தில் முன்பு சாதாரண தர மாதிரி வினாத்தாள் போட்டீர்கள். சோதனை முடியும் வரையாவது அதைத் திரும்பப் போடுங்கள், இளையவளுக்கு உதவும். கணிதம் என்றால் விடையை அடுத்த கிழமையே போட்டுவிடுங்கள். போன முறை இரண்டாம் பகுதிக்கு விடை வரவேயில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
முரசுமோட்டை, கிளிநொச்சி.