விதிநூல்கள் வரும் வேகமும் மேசையில் ஆடுவோரின் வேகமும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மேசையைச் சுற்றி அமர்ந்து, ஒருவர் கதையை நடத்த மற்றவர்கள் கதாபாத்திரங்களாகப் பேசிப் பகடை உருட்டி ஆடும் ரோல்பிளேயிங் விளையாட்டுகளைப் பற்றித் தாங்கள் அண்மையில் வெளியிட்ட கட்டுரையை ஆவலுடன் படித்தேன். புதிய நூல்கள் அடுத்தடுத்து வெளிவருவதே இத்துறையின் வளர்ச்சிக்குச் சான்று என்று கட்டுரையாளர் கருதுகிறார். பன்னிரண்டு ஆண்டுகளாகக் கேம் மாஸ்டராக ஆட்டம் நடத்திவரும் எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒரு பதிப்பகம் ஆண்டுக்கு எத்தனை நூல் வெளியிடுகிறது என்பதைக் காட்டிலும், வெளியிட்ட நூலை அதன்பின் எவ்வாறு பேணுகிறது என்பதில்தான் ஒரு விளையாட்டின் ஆயுள் அடங்கியிருக்கிறது.

நாவல் வாங்குபவர் ஒரு வாரத்தில் படித்து முடித்துவிடலாம். முந்நூறு பக்க விதிநூலின் கதை வேறு. அதை முதலில் ஆட்டம் நடத்துபவர் படித்து உள்வாங்க வேண்டும். பிறகு நான்கைந்து பேருக்குச் சொல்லிக்கொடுத்து, அவர்கள் கதாபாத்திரங்களை உருவாக்கி, வாரம் ஒரு மாலை மூன்று நான்கு மணிநேரம் ஒன்றுகூடி ஆடத் தொடங்கினால், ஒரு கதை முடிய ஓராண்டுக்கு மேல் ஆகும். எங்கள் குழு கடைசியாக ஆடி முடித்த கதை 14 மாதங்கள் நீடித்தது. அந்தக் காலத்தில் அதே விளையாட்டுக்கு நான்கு துணைநூல்கள் வந்தன. நான்கையும் வாங்கினேன். அவற்றிலிருந்து எங்கள் மேசைக்கு வந்து சேர்ந்தவை ஒரு மந்திரமும் ஓர் அரக்கனும் மட்டுமே. மற்றவை படிக்கப்படாமல் அலமாரியில் இருக்கின்றன. அவற்றை எழுதியவர்களின் உழைப்பை நினைத்தால் எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

அளவுக்கு மீறி வெளியிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இத்துறையின் முதல் நிறுவனமே சான்றாக நிற்கிறது. 1974-இல் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டை வெளியிட்ட டிஎஸ்ஆர் நிறுவனம், 1989-இல் இரண்டாம் பதிப்பைக் கொண்டுவந்த பிறகு, ஸ்பெல்ஜாமர், ரேவன்லாஃப்ட், டார்க் சன், பிளேன்ஸ்கேப், பர்த்ரைட் என ஒன்றன்பின் ஒன்றாகக் கதையுலகங்களை அறிமுகப்படுத்தியது. ஒவ்வொன்றும் கற்பனை வளம் மிக்கது என்பதை மனமாரச் சொல்வேன். ஆனால் ஓர் உலகில் ஆடுபவர் மற்றோர் உலகத்தின் நூலை வாங்க வேண்டிய தேவை பெரும்பாலும் இல்லாததால், ஒரே வாசகர் கூட்டம் பல கூறுகளாகப் பிரிந்தது. நூல்களின் எண்ணிக்கை பெருகப் பெருக, ஒவ்வொரு நூலின் விற்பனையும் சுருங்கியது. விற்காத நூல்கள் புத்தக வணிகத்திலிருந்து மொத்தமாகத் திரும்பி வந்தன, கடன் ஏறியது, 1997-இல் நிறுவனமே விஸார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் என்ற மற்றொரு விளையாட்டு நிறுவனத்தின் வசம் போயிற்று. வீழ்ச்சிக்கு நிர்வாகக் கோளாறுகள் உட்பட வேறு காரணங்களும் உண்டு என்றாலும், வாசகர்களால் ஆடி முடிக்க இயலாத வேகத்தில் நூல்களைக் கொட்டியதற்கு அதில் பெரும்பங்கு உண்டென்றே நான் நினைக்கிறேன்.

அதே விளையாட்டின் ஐந்தாம் பதிப்பு 2014-இல் வந்தபோது நிதானம் தெரிந்தது. ஜூலையில் தொடக்கநிலைப் பெட்டியும் இலவச அடிப்படை விதிகளும், ஆகஸ்டில் ஆட்டக்காரர் நூலும், செப்டம்பரில் அரக்கர் நூலும், டிசம்பரில் ஆட்டம் நடத்துபவருக்கான நூலும் வந்தன. முதன்மை நூல்கள் மூன்றும் கைக்கு வர ஆண்டு முடியும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது உண்மைதான். ஆனாலும் தொடக்கநிலைப் பெட்டியில் உடனே ஆடத்தக்க ஒரு முழுச் சாகசமும், கூடவே இலவச விதிகளும் இருந்ததால், இடைப்பட்ட மாதங்களில் யாருடைய ஆட்டமும் நிற்கவில்லை. அதன்பின் சில ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு இரண்டு மூன்று நூல்களே வந்தன. அந்த மெதுவான நடையால் விளையாட்டு நலியவில்லை. முன்பு பகடையையே தொட்டிராதவர்கள் அந்தக் காலத்தில்தான் பெருந்திரளாக உள்ளே வந்தார்கள்.

முதன்மை நூல்களைப் பிரித்து வெளியிடுவது தவறல்ல. இடைவெளியை எதைக் கொண்டு நிரப்புகிறார்கள் என்பதே கேள்வி. என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பெயர் குறிப்பிட விரும்பாத ஒரு பதிப்பகம் ஆட்டக்காரருக்கான நூலை முதலில் வெளியிட்டு, அரக்கர்களும் சாகசம் அமைக்கும் விதிகளும் அடங்கிய இரண்டாம் நூல் ஆறு மாதத்தில் வரும் என்று அட்டையின் உட்புறத்திலேயே அச்சிட்டிருந்தது. அதை நம்பி ஒரு குழுவைச் சேர்த்தேன். ஒவ்வொரு வாரமும் அரக்கர்களின் உயிர்ப்புள்ளிகளையும் தாக்குதல் எண்களையும் நானே ஊகித்து நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு போவேன். ஒரு வாரம் எதிரி இரண்டே சுற்றில் வீழ்வான், மறுவாரம் மொத்தக் குழுவும் மடியும். ஐந்து மாதத்தில் ஆட்கள் ஒவ்வொருவராக விலகினார்கள். வாக்களித்த நூல் இரண்டு ஆண்டுகள் கழித்து வந்தது. நல்ல தாள், அழகான ஓவியங்கள். அதை வைத்து ஆட எங்களில் யாரும் மிச்சமில்லை.

பிழைதிருத்தம் இதைவிடச் சிறிய செய்தியாகத் தோன்றலாம். மேசையில் அப்படி இருப்பதில்லை. எங்கள் குழுவில் இருவரிடம் ஒரே அட்டை கொண்ட ஒரே நூல் இருந்தது. ஒன்று முதல் அச்சு, மற்றது மூன்றாம் அச்சு. நஞ்சுண்ட கதாபாத்திரம் எப்போது மறுபடி பகடை உருட்டலாம் என்பதில் இரண்டு நூல்களும் இரண்டு விதமாகச் சொன்னன. சுற்றின் தொடக்கத்தில் என்றது ஒன்று, முடிவில் என்றது மற்றொன்று. ஒரு கதாபாத்திரத்தின் உயிர் அதில் தொங்கிக்கொண்டிருந்ததால் இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை; இருபது நிமிடம் ஆட்டம் நின்றது. திருத்தம் செய்ததில் குறையில்லை. செய்ததை எந்த அச்சு, எந்தப் பக்கம், எந்த வரி என்று தெளிவாக அறிவிக்காததே குறை. பைசோ நிறுவனம் தன் பாத்ஃபைண்டர் விளையாட்டின் இரண்டாம் பதிப்பு விதிகளை ஆர்க்கைவ்ஸ் ஆஃப் நெத்திஸ் இணையதளத்தில் யாரும் இலவசமாகப் படிக்க இசைந்திருப்பதும், திருத்தங்களைத் தொகுத்து வெளியிட்டு வருவதும் இவ்வகையில் பின்பற்றத்தக்கவை. நூல் வாங்காதவரும் விதியைச் சரிபார்க்க முடிகிறது. அப்படிச் சரிபார்க்க வந்தவர் பின்னர் நூலை வாங்கியதையும் பார்த்திருக்கிறேன்.

புதிய பதிப்பு வரும்போது பழைய நூல்களின் கதி என்ன என்பது இன்னொரு கவலை. இதில் கயோசியம் நிறுவனத்தின் கால் ஆஃப் கதுலுவை நான் பெரிதும் மதிக்கிறேன். 1981-இல் வெளிவந்த அவ்விளையாட்டு இன்று ஏழாம் பதிப்பில் இருக்கிறது. ஆனாலும் பழைய சாகசத்தில் உள்ள வலிமை, அறிவு முதலிய பண்புகளின் எண்களை ஐந்தால் பெருக்கி, இன்னும் சில சிறு மாற்றங்கள் செய்தால் இன்றைய மேசையில் ஆடிவிடலாம். இதற்கு மாறாக, 2024 ஆகஸ்டில், டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸுக்காக விஸார்ட்ஸ் நிறுவனம் நடத்தும் டிஅண்ட்டி பியாண்ட் இணையச் சேவையில் ஆடுவோரின் கதாபாத்திரத் தாள்களிலுள்ள பழைய மந்திரங்களையும் மாயப் பொருள்களையும் புதிய பதிப்பின் வடிவங்களைக் கொண்டு மாற்றப்போவதாக அறிவிப்பு வந்தது. பாதிக் கதையில் இருந்த குழுக்கள் கடுமையாக எதிர்த்ததால் சில நாள்களிலேயே அது கைவிடப்பட்டது. நிறுவனம் செவிசாய்த்தது நல்லதுதான். ஆனால் காசு கொடுத்து வாங்கிய விதிகள் கதையின் நடுவே மாறிவிடுமோ என்ற அச்சம் ஆட்டக்காரர்களுக்கு வந்திருக்கவே கூடாது.

பதிப்பாளர்களின் நெருக்கடியை நான் அறியாதவன் அல்லன். ஐந்து பேர் ஆடும் மேசையில் பெரும்பாலும் ஒருவரே நூல் வாங்குகிறார். நூல் வெளியான முதல் சில மாதங்களில்தான் பணம் வருகிறது. இரண்டு மூன்று பேரே உழைக்கும் சிறு பதிப்பகம் அடுத்த நூலை அறிவிக்காமல் பிழைப்பது கடினம். அப்படியிருக்க, அடுத்த நூல் மேலும் நூறு மந்திரங்களும் ஐம்பது ஆயுதங்களும் கொண்ட தடித்த தொகுதியாகத்தான் இருக்க வேண்டுமா? இரண்டு மூன்று மாலைகளில் ஆடி முடிக்கத்தக்க, முப்பது பக்கச் சாகசம் ஒன்று ஏற்கெனவே வாங்கிய நூலை மறுபடி மேசைக்குக் கொண்டுவரும். வெளியாரும் சாகசம் எழுதி விற்க உரிமம் கொடுத்தால் அந்தச் சுமையும் பகிரப்படும். டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸுக்கு 2000-இல் வந்த திறந்த உரிமம் அந்த வழியைத் திறந்தது. அதை மாற்ற 2023 ஜனவரியில் எடுத்த முயற்சி பெரும் எதிர்ப்பைச் சந்தித்து, அம்மாதமே ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித்தொகுப்பு, யாரும் எடுத்துப் பயன்படுத்தத்தக்க கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விடப்பட்டது.

புதிய விளையாட்டை வெளியிடுவோர், அடுத்த ஓராண்டில் என்ன வரும், திருத்தங்கள் எந்த மாதங்களில் வரும், அந்த விளையாட்டின் நூல்வரிசை நின்றுபோனாலும் மின்னூல்கள் கிடைக்குமா என்ற மூன்றையும் முதல் நூலோடு அறிவிக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை. தங்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. இனி இத்தகைய நூல்களை அறிமுகப்படுத்தும்போது, ஓவியத்தையும் கட்டமைப்பையும் பாராட்டுவதோடு, அந்த நூலை மட்டும் வைத்துக்கொண்டு அடுத்த வாரமே ஓர் ஆட்டத்தைத் தொடங்க முடியுமா என்பதையும் ஒரு வரி எழுதுமாறு தங்கள் விமர்சகர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்