வன்னிக் குளங்களின் நன்னீர் மீன்பிடிச் சங்கங்களுக்கு: வாளை மீன் பிடிக்க வழிகாட்டும் தொழிலை நீங்களே எடுத்து நடத்துங்கள்

இரணைமடு, வவுனிக்குளம், முத்தையன்கட்டு, அக்கராயன், கட்டுக்கரை, பாவற்குளம் என்று எங்கள் குளங்களில் தொழில் செய்யும் சங்கங்களின் தலைவர்மார், செயலாளர்மார், தோணி வலிக்கும் அண்ணன்மார், விடியற்புறம் கரையில் மீன் பிரித்துத் தராசில் போடும் அக்காமார் எல்லாருக்கும் வணக்கம்.

மடுத் திருவிழாவுக்கும் நல்லூர்த் திருவிழாவுக்கும் ஊருக்கு வருகிற வெளிநாட்டுச் சனத்தில் தூண்டில் கம்போடு வருகிறவர்கள் கூடிக்கொண்டு வருகிறார்கள். கனடாவிலும் நோர்வேயிலும் ஜேர்மனியிலும் பிறந்த பெடியள் அவர்கள். அப்பா சின்ன வயதில் குளத்தில் வாளை பிடித்த கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள். வந்து இறங்கியதும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: “வாளை பிடிக்கக் கூட்டிக்கொண்டு போக ஆர் இருக்கினம்?”

அந்தக் கேள்விக்குச் சங்கத்திடம் மறுமொழி இல்லை. அதனால் வேறு ஆட்கள் மறுமொழி சொல்லத் தொடங்கிவிட்டார்கள். இந்த மடலை எழுத வைத்தது அதுதான்.

போன வருடம் ஆவணியில் என் சித்தியின் மகன் ரொறன்ரோவிலிருந்து வந்திருந்தான். ஒரு விடுதி மூலம் ஒரு தரகர் ஒழுங்கு செய்தார். பணம் முழுவதும் முன்கூட்டியே கைமாறியது. இரண்டு பேர் இருந்து வலை இழுக்கிற சின்னத் தோணியில் ஐந்து பேரை ஏற்றினார்கள். உயிர்காப்பு அங்கி ஒன்றுகூட இல்லை. மைம்மலுக்குள், யானை தண்ணிக்கு இறங்குகிற பக்கமாகத் தோணியைக் கொண்டுபோய் விட்டார்கள். தோணி வலித்தவர் இருபது வருடமாக அந்தக் குளத்தில் தொழில் செய்கிறவர், உங்கள் அங்கத்தவர். தரகர் வாங்கிய காசில் அவருக்குக் கிடைத்தது ஒரு நாள் கூலியிலும் குறைவு. அதை அவர் கரையில் வைத்துத் தயங்கித் தயங்கித்தான் சொன்னார். என் தம்பியாருக்கு வெட்கமாகப் போய்விட்டது. பிடிபட்ட ஒரே வாளையைப் பார்த்துச் சந்தோஷப்படவும் அவனுக்கு மனம் வரவில்லை.

நான் உங்களிடம் கேட்பது இதுதான். வாளைக்கு வழிகாட்டுகிற தொழிலைச் சங்கமே எடுத்து நடத்தட்டும். யார் கூட்டிப் போவது, என்ன கூலி, எத்தனை பேர், எந்த மாதம் கூடாது, பிடித்த மீனை என்ன செய்வது, எல்லாவற்றையும் சங்கம் தீர்மானித்துச் சங்கக் கட்டடத்துச் சுவரில் எழுதி வைக்கட்டும்.

இந்தத் தொழிலின் முதலீடு உங்கள் தலைக்குள் இருக்கிறது. வெளியில் இருந்து வருகிறவனுக்கு அது தெரியாது. கனடாவில் மனிற்றோபா மாகாணத்துச் சிவப்பாற்றில் கெளிற்றினத்துப் பெருமீன் பிடித்துப் பழகியவன், நாறுகிற இரையைக் கல்லுக்கட்டி அடியில் போட்டுவிட்டு இருந்தால் மீன் தேடி வரும் என்று நினைத்துக்கொண்டு வருவான். அந்த மீன் மணம் பிடித்து வருகிற மீன். வாளை அப்படி இல்லை. செதில் இல்லாத நீண்ட உடம்பு, கண்ணுக்கும் அப்பால் கிழிந்த வாய், வாய்க்குள் சின்னஞ்சிறு பற்கள் வரிவரியாக. அது கலைத்துப் பிடிக்கிற மீன். பகலில் பட்டமரக் கட்டைகளுக்குள்ளும் பள்ளத்திலும் கிடந்துவிட்டு, இருட்டுப்பட மேட்டுக்கு வந்து திலாப்பியாக் குஞ்சுகளை அடிக்கும். உயிரிரையை எந்த ஆழத்தில் விடுவது, கட்டைக்குள் நூல் சிக்காமல் எந்தப் பக்கத்தால் இழுப்பது என்று சொல்லித்தரப் பக்கத்தில் ஆள் வேண்டும்.

ஆவணியில் சிறுபோகத்துக்குத் துருசு (மதகு) திறந்து குளம் வற்றிக்கொண்டு போகும். அப்போது மீன் முழுவதும் பழைய ஆற்றுப் பள்ளத்துக்குள் ஒதுங்கும். இரணைமடுவில் கனகராயன் ஆறு கிடந்த தடமும், வவுனிக்குளத்தில் பாலியாறு கிடந்த தடமும், முத்தையன்கட்டில் பேராறு கிடந்த தடமும் தண்ணிக்கு அடியில் எங்கெங்கே வளைகிறது என்று எந்த வரைபடத்திலும் தேட முடியாது. எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர் துடுப்பின் கைபிடியைத் தண்ணிக்குள் நட்டு, மறுமுனையைக் கன்னத்தோடு ஒட்டிப் பிடிப்பார். தோணி அசையாமல் கொஞ்ச நேரம் இருப்பார். பிறகு, “இதிலை மணல், இன்னும் நாலு துடுப்புத் தள்ளிச் சேறு, சேத்துக்கு அங்காலை பள்ளம்” என்பார். நாலு துடுப்பு வலித்தால் சேறுதான் இருக்கும். இந்த அறிவுக்குத்தான் கூலி. தோணிக்கு மட்டும் வாடகை கேட்டு உங்களை நீங்களே குறைத்துக்கொள்ள வேண்டாம்.

கூலியை எப்படித் தீர்மானிப்பது என்று சிலர் கேட்டீர்கள். விருந்தாளியை ஏற்றுகிற இரவு வலை போட முடியாது. ஆகவே நல்ல இரவொன்றின் வலைவருமானம்தான் அடி. அதன்மேல் இரை, இரண்டாவது தோணிக்காரரின் கூலி, அங்கி தேய்மானம், சங்கத்தின் பங்கு. இதற்குக் குறைந்து யாரும் போகக்கூடாது என்று கூட்டத்தில் முடிவெடுங்கள். பாதியை முன்பணமாகவும் மீதியைக் கரை திரும்பியதும் தோணிக்காரரின் கையிலேயே கொடுக்கவும் வையுங்கள். மீன் படாவிட்டாலும் கூலி கூலிதான் என்பதை ஏறமுன்னரே சொல்லிவிட வேண்டும். மழை, மின்னல் என்று புறப்பட முடியாமல் போனால் முன்பணத்துக்கு என்ன நடக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். சண்டை வருவது பெரும்பாலும் இந்த இரண்டிலும்தான்.

இனி எனக்கு மிகவும் கவலை தருகிற விடயம். கார்த்திகையில் மாரி பிடித்து, ஆற்றுமுகத்தில் புதுத்தண்ணி கலங்கி வரும்போது வாளை முட்டை போட மேலே ஏறும். முழங்கால் தண்ணியிலும் வரும். அப்போது அதைப் பிடிக்கக் கெட்டித்தனம் வேண்டாம். கண்ணால் கண்டே பிடிக்கலாம். மார்கழி விடுமுறைக்கு வருகிறவனுக்கு ஆற்றுமுகத்தில் ஒரே இரவில் மூன்று பெரிய மீன் காட்டலாம், நல்ல காசும் வாங்கலாம். மூன்றும் வயிறு நிறைய முட்டையோடு இருக்கும். உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் வாளையை அழியும் ஆபத்துள்ள இனங்களின் வரிசையில் வைத்திருக்கிறது. எங்கள் குளங்களிலும் பெரிய வாளை முன்னைப்போலப் படுவதில்லை என்று நீங்களேதான் சொல்கிறீர்கள். ஆகவே மாரி தொடங்கி, குளம் நிறைந்து வான் பாய்ந்து ஓயும் வரை ஆற்றுமுகங்களில் தூண்டிலும் வேண்டாம், வலையும் வேண்டாம் என்று சங்கம் தடுக்க வேண்டும். மார்கழி வருமானம் கொஞ்சம் போகும். தெரிந்துகொண்டுதான் கேட்கிறேன். வருகிறவர்களில் பெரும்பகுதி ஆடி ஆவணியில்தான் வருகிறார்கள், அந்தக் காலம் திறந்தே இருக்கிறது.

ஆடி ஆவணியிலும் ஒரு கட்டுப்பாடு வேண்டும். வற்றிய குளத்தில் பள்ளத்துக்குள் ஒதுங்கிய மீனை அள்ளி எடுப்பது சுலபம். ஒரு தோணிக்கு ஒரு இரவில் ஒரு வாளைக்கு மேல் கரைக்கு வரக்கூடாது. என் விருப்பம் அதையும் திருப்பி விடுவதுதான். ஸ்பெயினில் எப்ரோ ஆற்றுக்கு வழிகாட்டியை அமர்த்திக்கொண்டு பெருங்கெளிறு பிடிக்க ஐரோப்பா முழுவதிலுமிருந்து போகிறார்கள். அந்த மீன் அங்கே 1974இல் வெளியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்டது. அதைப் பிடிக்க வருகிறவர்களைக் கூட்டிப் போவதிலேயே அங்கே வழிகாட்டிகள் சீவிக்கிறார்கள். எங்கள் வாளையோ எங்கள் குளத்துப் பிறப்பு.

இதற்கு உங்களில் பலர் சொல்லும் மறுப்பு எனக்குத் தெரியும். தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகார சபையிடம் வாங்கி விடுகிற கட்லா, ரோகுக் குஞ்சுகளை வாளை தின்றுவிடுகிறது, அதை ஏன் காப்பாற்ற வேண்டும் என்கிறீர்கள். குஞ்சுக்குக் காசு கட்டுகிறவர்கள் நீங்கள், கோபம் நியாயமானது. ஆனால் திலாப்பியா இந்த நாட்டுக்கு வந்ததே 1952இல்தான். அதற்கு முன்னும் வாளையும் விராலும் குறவையும் ஒரே குளத்தில் சீவித்தன. இன்று குஞ்சு குறைவதற்கு வாளையைவிடப் பெரிய காரணம் தடைசெய்யப்பட்ட தங்கூசி (நைலோன் ஒற்றை இழை) வலையும் சின்னக் கண் வலையும் என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். தராசில் போட்ட வாளைக்கு ஒருமுறைதான் காசு. திருப்பி விட்ட வாளைக்கு அடுத்த ஆவணியிலும் ஒருவன் கூலி தருவான்.

திருப்பி விடுவதென்றால் ஒழுங்காக விட வேண்டும். தூண்டில் முள்ளில் பின்நோக்கி நிற்கிற சின்ன முனையைக் குறட்டால் நசுக்கிவிட்டால் மீனின் வாய் கிழியாமல் கழற்றலாம். மனிற்றோபாவில் இது சட்டம், கனடாப் பெடியளுக்கு விளங்கும். ஆவணித் தண்ணி சூடு, அதில் மூச்சுக்காற்றுக் குறைவு. மீனைத் தோணித் தட்டில் போட்டுப் பத்துப் படம் எடுத்தால் அது பிழைக்காது. தண்ணிக்குள் வைத்தே முள்ளைக் கழற்றி, இரண்டு கையாலும் வயிற்றைத் தாங்கி, அது தானாக வால் அடித்துப் போகும்வரை பிடித்திருக்க வேண்டும். வாய்க்குள் விரல் வைக்க விடாதீர்கள்.

முள் குத்துக்கும் ஆயத்தம் வேண்டும். வாளைக்கு நிற்கிற தூண்டிலில் சுங்கானும் கெளிறும் படும். புதிதாய் வந்தவன் வழுக்குகிற மீனை இறுக்கிப் பிடிப்பான், செட்டை முள் கைக்குள் போகும். சுங்கான் குத்தினால் வருகிற வேதனை உங்களுக்குப் புதிதல்ல, அவனுக்குப் புதிது. அந்த விசம் சூட்டில் செயலிழக்கும். தோலைப் பொசுக்காத, தாங்கக்கூடிய சூடான தண்ணியில், 45 பாகைக்கு மேற்படாமல், அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் கையை அமிழ்த்தி வைத்தால் வேதனை இறங்கும். ஒவ்வொரு தோணியிலும் ஒரு சுடுதண்ணிப் போத்தல் இருக்கட்டும். விறைத்த கைக்குச் சூடு தெரியாது, முதலில் மற்றக் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். முள் உடைந்து உள்ளே நின்றால், அல்லது வீக்கம் ஏறினால், ஆஸ்பத்திரிக்கு.

மற்றவை சுருக்கமாக. இரண்டு பேர் தோணிக்கு ஒரு விருந்தாளி, பெரிய வள்ளமென்றால் இரண்டு. அங்கி போடாதவரை ஏற்ற வேண்டாம், உறவுக்காரராக இருந்தாலும். குளத்தில் முதலை இருக்கிறது, காலைத் தண்ணிக்குள் தொங்கவிட்டு இருக்க விடக்கூடாது. மிதிவெடி அகற்றி முடியாத அலைகரைகளில் இறங்கக்கூடாது, சிவப்புப் பலகை இருக்கிற இடம் உங்கள் பிள்ளைகளுக்குத் தெரியும், வருகிறவனுக்குத் தெரியாது. கட்டுக்கரை 1954 முதல் வனவிலங்குச் சரணாலயம், அங்கே வனவிலங்குத் திணைக்களத்திடம் கேட்காமல் யாரையும் கூட்டிப் போவது பின்னால் உங்களுக்குத்தான் வில்லங்கம். வான் பாயும் இடத்தில் நின்று தூண்டில் போட யாரையும் அனுமதிக்கக் கூடாது. 2018 மார்கழியில் இரணைமடு வான்கதவு திறந்தபோது தண்ணி எவ்வளவு வேகமாக வந்தது என்று பரந்தன், கண்டாவளைச் சனத்தைக் கேளுங்கள்.

இதையெல்லாம் செய்ய ஒரு சட்டம் வரட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில், நீர்வாழ் வளங்கள் சட்டத்தின் கீழ் நடக்கிற தொழில் உங்களுடையது. உங்கள் மாவட்ட அலுவலகத்தில் மீன்பிடிப் பரிசோதகர் இருக்கிறார். பொழுதுபோக்குக்குத் தூண்டில் போடுகிறவருக்கு என்ன அனுமதி வேண்டும் என்று அவரிடம் எழுத்தில் கேட்டு, எழுத்திலேயே மறுமொழி வாங்குங்கள். ஒன்ராறியோவில் தூண்டில் போடுகிறவர் அனுமதி அட்டை வாங்கிச் சட்டைப் பையில் வைத்திருக்கப் பழகியவர். இங்கே சங்கத்தில் ஒரு துண்டு வாங்கு என்றால் அவருக்கு அது பாரமாக இராது. கேட்பதற்கு ஆள் இல்லாததால்தான் வாங்காமல் போகிறார்கள்.

நீர்ப்பாசனத் திணைக்களத்துக்கும் கமக்காரர் அமைப்புகளுக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். துருசு திறக்கிற, பூட்டுகிற நாள் தெரியாமல் வழிகாட்ட முடியாது. குளக்கட்டில் இரவில் வாகனம் நிற்பதைப் பற்றிக் கமக்காரருக்கு வருத்தம் இருக்கிறது, அதையும் கேளுங்கள்.

அடுத்த பொதுக்கூட்டத்தில் இதை நிகழ்ச்சி நிரலில் போட்டுப் பேசுங்கள். இளம் அங்கத்தவர்களில் ஆங்கிலமோ பிரெஞ்சோ கொஞ்சம் கதைக்கிற இரண்டு பேரையும், குளத்தை அறிந்த பெரியவர்களில் இரண்டு பேரையும் சேர்த்து ஒரு சின்னக் குழு போட்டால் தொடங்கப் போதும். விதிகளைத் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதி, பலகைக்குரிய செலவையும் ஏற்க நானும் என் உறவினர் சிலரும் ஆயத்தமாக இருக்கிறோம். முதல் அங்கிகளுக்குக் காசு அனுப்ப என் சித்தியின் மகன் சம்மதித்துவிட்டான். கூட்டத் திகதியைச் சொன்னால் வருவேன். சித்திரை பிறக்கமுன்னர் முடிவு எடுத்தால், இந்த ஆடிக்கு வருகிறவர்களுக்குச் சங்கத்தின் தொலைபேசி இலக்கத்தையே கொடுக்கலாம்.

அன்போடும் நம்பிக்கையோடும்,
கிளிநொச்சியிலிருந்து உங்களில் ஒருவன்