உயரம் குறைந்தவருக்கும் கோட்டு பொருந்தும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திருமண வரவேற்பு உடைகளைப் பற்றித் தங்கள் இதழில் சென்ற வாரம் வெளிவந்த கட்டுரையில், உயரம் குறைந்த மணமகன்கள் கோட்டு சூட்டைத் தவிர்த்துக் குர்தாவோ ஷெர்வானியோ அணிவதே நல்லது என்று எழுதப்பட்டிருந்ததைப் படித்து வருந்தினேன். ஐந்தடி மூன்று அங்குல உயரமுள்ள நான் இந்த அறிவுரையைப் பல ஆண்டுகளாகக் கேட்டு வந்தவன். அது தவறு என்று அனுபவத்தில் கண்டவன்.

என் திருமண வரவேற்புக்கு எங்கள் பகுதிக் கடையொன்றில் ரெடிமேட் கோட்டு எடுத்தோம். மார்பளவு 38 சரியாகவே இருந்தது. ஆனால் கை, கட்டைவிரல் கணு வரை இறங்கியது. கோட்டின் கீழ் விளிம்பு பின்புறத்தைத் தாண்டித் தொடையில் நின்றது. “கையை மட்டும் ஏத்திக் குடுத்துடலாம் சார், மத்ததெல்லாம் பக்காவா இருக்கு” என்றார் கடைக்காரர். அவர்மேல் நம்பிக்கை வைத்து வாங்கினேன். ஆல்பத்தில் என் கால்கள் உள்ளதைவிடக் குட்டையாகத் தெரிகின்றன. யார் வந்து ஆல்பம் பார்த்தாலும் என் தாயார் அந்தப் பக்கத்தைச் சற்று வேகமாகவே புரட்டுவார்.

சென்ற ஆண்டு தங்கையின் திருமணத்துக்காகத் தண்டையார்பேட்டையில் நெடுங்காலமாகக் கோட்டு தைத்துவரும் பாய் ஒருவரிடம் போனபோதுதான் குறை எங்கிருந்தது என்று விளங்கியது. செருப்பைக் கழற்றி நேராக நிற்கச் சொல்லி, பிடரி எலும்பிலிருந்து தரை வரை டேப்பை இறக்கினார். 54 அங்குலம். “இதுல பாதி தம்பி, இருபத்தேழு. அதுதான் உங்க கோட்டு” என்றார். வீட்டுக்கு வந்து பழைய கோட்டை அளந்தேன்; இருபத்தொன்பதரை இருந்தது. அந்த இரண்டரை அங்குலத்தை வெட்டி எடுத்துவிட முடியாதா என்று மறுமுறை போனபோது கேட்டேன். அடியில் வெட்டினால் பாக்கெட் விளிம்புக்கு நெருங்கி வந்துவிடும், இடுப்பில் இருக்க வேண்டிய பட்டன் தாழ்ந்த இடத்திலேயே நின்றுவிடும், ஆகவே ஓர் அங்குலத்துக்கு மேல் கை வைக்கக் கூடாது என்று விளக்கினார். தோள் பெரிதாக இருந்தால் அதைப் பிரித்துச் சரிசெய்வது இன்னும் கடினமாம். உயரம் கூட்டிக் காட்டும் என்று நம்பிச் சிலர் தோளில் தடித்த பேட் வைக்கச் சொல்கிறார்கள். அதனால் தலைதான் சிறியதாகத் தெரியும்.

கால்சட்டையிலும் இதே கவனம் வேண்டும். இடுப்பெலும்புக்குக் கீழே இறக்கிக் கட்டும் வழக்கம் கால் நீளத்தைத் தின்றுவிடுகிறது. தொப்புளுக்குச் சற்றுக் கீழே நிற்குமாறு தைத்து, அடியில் வெளிமடிப்பு வைக்காமல், துணி ஷூவின்மேல் சுருங்கி விழாமல் தொட்டு நிற்கும்படி விட்டால் கால் நீண்டு தெரியும். கோட்டும் கால்சட்டையும் ஒரே துணியில் இருப்பது நல்லது. கோட்டுக் கையின் முனையில் சட்டையின் கஃப் (மணிக்கட்டுப் பட்டி) அரை அங்குலம் வெளியே தெரிய வேண்டும். கடைகளில் கிடைக்கும் டை பெரும்பாலும் 58 அங்குல நீளத்தை ஒட்டியே வருவதால், நம்மைப் போன்றவர்களுக்கு நுனி பெல்ட்டைத் தாண்டித் தொங்கும். முடிச்சில் ஒரு சுற்றுக் கூடுதலாகப் போட்டால் அது பெல்ட்டின் அளவிலேயே நிற்கும். நம் ஊர் வெக்கைக்கு மெல்லிய துணியும் பாதி லைனிங்கும் போதும்.

கோட்டைத் தவிர்த்துவிடுங்கள் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் ராயபுரத்திலும் பெரம்பூரிலும் தேவாலயத் திருமணங்களில் மணமகன் கோட்டு அணிவது தலைமுறைகளாக வரும் வழக்கம். வேலைக்கான நேர்முகத் தேர்வுக்குப் போகும் இளைஞருக்கும் சில இடங்களில் அது தேவைப்படுகிறது. அவர்களிடம் உங்கள் உயரத்துக்கு இது ஆகாது என்பது நியாயமாகாது. வெளிநாட்டுக் கடைகளில் மார்பளவு எண்ணுடன் ‘ஷார்ட்’, ‘ரெகுலர்’, ‘லாங்’ என்று நீளத்தையும் குறித்து விற்கிறார்கள். நம் நாட்டில் ஆண்களின் சராசரி உயரமே ஐந்தடி ஐந்து அங்குலத்தை ஒட்டித்தான் இருக்கிறது. அப்படியிருக்க, இங்கே நான் ஏறி இறங்கிய கடைகள் எதிலும் ‘ஷார்ட்’ கேட்டுக் கிடைக்கவில்லை. எங்கள் வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுத் துணிக்கடைக்காரர்கள் 36, 38, 40 ஆகிய மூன்று அளவுகளிலாவது நீளம் குறைந்த கோட்டுகளை வரவழைத்து வைத்தால், எங்களில் பலர் அளவு கிடைக்காமல் திரும்ப நேராது.

தாங்களும் ஒரு கட்டிங் மாஸ்டரைக் கொண்டு, அளவெடுப்பதை வரைபடத்துடன் விளக்கும் கட்டுரையொன்றை வெளியிட வேண்டுகிறேன். தை பிறந்ததும் முகூர்த்தங்கள் தொடங்கிவிடும். எனக்கு இரண்டு ட்ரையலுடன் கோட்டு தைத்து முடிக்க மூன்று வாரம் ஆயிற்று. ஆகவே மார்கழி தொடக்கத்திலேயே அக்கட்டுரை வந்தால் பயன்படும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை–21